இரைப்பை, முன்சிறுகுடல் அல்சர் ஓட்டை: கண்டறிவதிலிருந்து வபை வைத்து அடைப்பது வரை முழுமையான வழிகாட்டி

அல்சர் இரைப்பையின் சுவரையோ முன்சிறுகுடலின் சுவரையோ முழுத் தடிமனுக்கும் அரித்துத் துளைத்துவிட்டால், அமிலமும் பித்தமும் உண்ட உணவும் வயிற்றறைக்குள் கொட்டத் தொடங்கும். அந்த ஓட்டையை அடைக்கும் அறுவை, பயிற்சியின் முதல் ஆண்டுகளிலேயே கற்றுக்கொள்ளக் கூடியது. மூன்று தையலும் ஒரு துண்டு வபையும் போதும். வபை என்பது குடலின் முன்னால் திரையாகத் தொங்கும் கொழுப்பு மடிப்பு. ஓமெண்டம் என்று அறுவை அரங்கில் சொல்வது இதைத்தான். இவ்வளவு எளிய அறுவை இருந்தும் இந்த நோயில் இன்னும் உயிர்கள் போகின்றன. தையல் போடத் தெரியாமல் போவது அரிது. நேரம் கடந்துவிடுகிறது, உடலைத் தயார் செய்யாமல் மேசையில் ஏற்றுகிறார்கள், அல்லது பெரிய ஓட்டையைச் சிறிய ஓட்டை என்று எண்ணி அடைக்கிறார்கள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே கீழே உள்ளதைப் படிக்க வேண்டும். அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும், அரங்கிலும் வார்டிலும் உடன் நிற்கும் செவிலியர்களுக்கும் எழுதியது இது. நேரில் நின்று கற்பிக்கும் மூத்த மருத்துவருக்கு இது மாற்றாகாது.

ஓட்டை எங்கே விழுகிறது, ஏன்

பெரும்பாலான துளைகள் முன்சிறுகுடலின் முதல் பகுதியில், முன்சுவரில், இரைப்பை குடலுக்குள் திறக்கும் பைலோரஸ் வாயிலைத் தாண்டிய உடனே இருக்கும். அடுத்தபடி பைலோரஸுக்குச் சற்று முன்னாலும், இரைப்பையின் சிறு வளைவிலும் காணலாம். முன்சுவருக்கு முன்னால் முட்டுக் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் அங்குள்ள புண் நேராக வயிற்றறைக்குள் திறக்கிறது. பின்சுவரில் உள்ள புண் கணையத்தின் மேல் போய் ஒட்டும், அங்கே ஓடும் காஸ்ட்ரோடியோடினல் தமனியை அரித்து இரத்தம் கக்க வைக்கும். சிலருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு புண்கள் எதிரெதிரே இருக்கும். முன்னால் ஓட்டையை அடைத்துவிட்ட நிம்மதியில் இருக்கும்போது, பின்புறப் புண் இரண்டாம் நாள் இரத்தம் கக்கினால் அதற்குக் காரணம் இதுதான்.

காரணிகளில் முதன்மையானவை இரண்டு. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி ஒன்று. வலிநிவாரணி மாத்திரைகள் மற்றொன்று. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை சளிப்படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கின்றன. அவற்றோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். புகைப்பழக்கம் தனியாகவே வலுவான காரணி.

கண்டறிவது

இந்த வலி தொடங்கிய நேரத்தைப் பல நோயாளிகள் மணிக்கணக்கோடு சொல்வார்கள். மேல் வயிற்றில் திடீரென்று பிடித்து, சில நிமிடங்களில் வயிறு முழுவதும் பரவும், தோள்பட்டைக்கும் ஏறும். குடல் முறுக்கு வலிக்காரர் புரண்டு புரண்டு படுப்பார்; இவர் அசையாமல் கிடப்பார், மூச்சைக்கூட மேலோட்டமாகத்தான் விடுவார். தொட்டால் வயிறு பலகையாக இறுகியிருக்கும். கல்லீரலின் மேல் தட்டினால் கேட்க வேண்டிய மந்த ஒலி மறைந்திருக்கும்.

ஏமாற்றும் இடங்கள் நான்கு.

முதலாவது, இடைப்பட்ட அமைதி. சில மணி நேரம் கழித்து, வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வயிற்றுறையிலிருந்து சுரக்கும் நீர் அமிலத்தை நீர்க்கச் செய்யும். வலி குறைந்துவிட்டது என்று நோயாளி சொல்வார். அந்த நேரத்தில்தான் தவறாக வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். வலி குறைந்தாலும் வயிற்று இறுக்கமும் நாடித்துடிப்பும் குறைந்திருக்காது. அவற்றைப் பாருங்கள்.

இரண்டாவது, வலது பக்கக் கால்வாய். கசிவு பெருங்குடலின் வலப்புறமாக வடிந்து இடுப்பின் வலது மூலையில் தேங்கும், குடல்வால் அழற்சி போலவே தெரியும். குடல்வாலுக்காக வயிற்றைத் திறந்தபோது பித்தம் கலந்த நீர் வந்து, குடல்வால் மேலோட்டமாக மட்டும் சிவந்திருந்தால், மேலே போய் முன்சிறுகுடலைப் பார்க்காமல் மூடக் கூடாது.

மூன்றாவது, அமைலேஸ். கசிந்த நீரிலுள்ள நொதி உறிஞ்சப்படுவதால் இரத்தத்தில் அமைலேஸ் ஓரளவு உயரும். அதைப் பார்த்துக் கணைய அழற்சி என்று முத்திரை குத்திவிட்டால் பல மணி நேரம் வீணாகும்.

நான்காவது, முதியவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும். அவர்களுக்கு இறுக்கமே இல்லாமல் போகலாம். குழப்பம், வேகமான மூச்சு, குறைந்த சிறுநீர் ஆகியவையே அறிகுறிகளாக நிற்கும்.

நிமிர்ந்த நிலையில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழே காற்று தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. நோயாளியைப் பத்து நிமிடமாவது நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே படம் எடுக்க வேண்டும்; காற்று மேலே ஏற நேரம் வேண்டும். உட்கார முடியாதவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து எடுக்கலாம். ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் காற்று தெரியாது. 'காற்று இல்லை, அதனால் ஓட்டை இல்லை' என்ற முடிவு பல உயிர்களைக் குடித்திருக்கிறது. ஐயம் இருந்தால் சி.டி. எடுக்கவும், மிகச் சிறிய காற்றுக் குமிழையும் அது காட்டிவிடும். எண்டோஸ்கோப்பி இந்த நேரத்தில் கூடாது. உள்ளே செலுத்தும் காற்று, தானாக ஒட்டத் தொடங்கிய துளையையும் பிரித்துவிடும். குடிக்கக் கொடுக்கும் சாயம் தேவைப்பட்டால் நீரில் கரையும் வகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும், பேரியம் ஆகாது.

கடிகாரம் ஓடுகிறது

2013இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று 2668 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அறுவைக்குத் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு முந்தைய மணி நேரத்தைவிட 2.4 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு, அதிர்ச்சி நிலையில் (இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாத ஷாக் நிலை) இருப்பவரை நேராக மேசையில் ஏற்றுவதும் தவறு. தயாரிப்பும் அரங்க ஏற்பாடும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று வரிசை போட்டால்தான் நேரம் போகிறது.

தடிமனான இரண்டு ஊசிகள் போட்டு ரிங்கர் லாக்டேட் ஓடட்டும். இரத்த அழுத்தம் சரிந்திருந்தாலோ இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கு மேல் இருந்தாலோ, முதல் மூன்று மணி நேரத்துக்குள் எடையில் கிலோவுக்கு 30 மில்லி. இலக்கு: சராசரி இரத்த அழுத்தம் 65, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி. திரவத்துக்கு அழுத்தம் ஏறாவிட்டால் நார்அட்ரினலினைத் தள்ளிப் போடாதீர்கள்.

மூக்கு வழியே 16 அல்லது 18 அளவு ரைல்ஸ் டியூப். இது இரைப்பையைக் காலியாக்கி மேலும் கசிவதைக் குறைக்கும். மயக்கம் கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தையும் குறைக்கும். போட்டால் மட்டும் போதாது, சிரிஞ்சால் உறிஞ்சிப் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் நுனி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்: பிப்பெராசிலின்-டாசோபேக்டம் 4.5 கிராம், அல்லது செஃப்ட்ரியாக்சோன் 2 கிராமுடன் மெட்ரோனிடசோல் 500 மி.கி. பான்டோபிரசோல் 80 மி.கி. சிரை வழியாக, பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. பூஞ்சை மருந்து எல்லோருக்கும் தேவையில்லை. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் தீவிர சிகிச்சையில் மோசமாகிக்கொண்டே போகிறவர்களுக்கும் யோசிக்கலாம். வலிக்கு மார்ஃபின் கொடுங்கள். கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்துக்கு அடிப்படை இல்லை. வலி அடங்கிய நோயாளியின் வயிற்றை இன்னும் நன்றாகச் சோதிக்க முடியும்.

ஆபத்தை எடைபோட 1987இல் போயி முன்வைத்த மூன்று கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன: வரும்போதே அதிர்ச்சி நிலையா, வேறு கடுமையான நோய் உண்டா, துளை விழுந்து 24 மணி நேரம் கடந்துவிட்டதா? ஒன்றுகூட இல்லாதவர் பெரும்பாலும் நன்றாகத் தேறுவார். இரண்டோ மூன்றோ உள்ளவரின் குடும்பத்தாரிடம் அறுவைக்கு முன்பே உண்மை நிலையைச் சொல்லிவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கையையும் அப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

அறுவையின்றி ஆறுமா

சிலருக்கு ஆறும். வபையோ கல்லீரலின் அடிப்பரப்போ துளையின் மேல் ஒட்டித் தானே அடைத்துக்கொள்வது உண்டு. 1946இல் ஹெர்மன் டெய்லர் இந்த வழியைப் பதிவு செய்தார். 1989இல் ஹாங்காங்கிலிருந்து வெளியான ஆய்வில், அறுவையின்றிப் பார்க்கப்பட்ட 40 பேரில் 11 பேர் 12 மணி நேரத்தில் தேறாமல் அறுவைக்குப் போனார்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வழி குறைவாகவே பலன் தந்தது. எனவே 70க்குக் கீழ், நாடியும் அழுத்தமும் நிலையாக, வயிறு முழுவதும் பரவாத அழற்சி, நீரில் கரையும் சாயம் துளையிலிருந்து கசியவில்லை என்று படத்தில் உறுதி: இத்தனையும் ஒன்றாகக் கூடி வந்தால் மட்டுமே இந்த வழி. டியூபில் உறிஞ்சல், திரவம், ஆன்டிபயாடிக், அமிலத் தடுப்பு ஆகியவற்றோடு, அதே மருத்துவரின் கை சில மணிக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 12 மணி நேரத்தில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் அறுவைதான். இரவில் அப்படித் தொடர்ந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

திறந்த அறுவை

மயக்க மருந்து கொடுப்பவர், வயிறு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு விரைவு முறையில் மூச்சுக்குழாய் செலுத்துவார். அதற்கு முன் டியூபை ஒருமுறை உறிஞ்சிவிடுங்கள்.

வெட்டு, மார்பெலும்பின் வாள் முனைக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை நடுக்கோட்டில். துளை வேறிடத்தில் என்று தெரிந்தால் கீழே நீட்டிக்கொள்ளலாம். வயிற்றுறையைத் திறக்கும்போது காற்று சீறி வெளிவருவதும் பித்த நிற நீர் எழுவதும் நோயை உறுதிப்படுத்தும். நீரில் ஒரு மாதிரியைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, மீதியை உறிஞ்சுங்கள்.

இனித் தேடல். உதவியாளர் கல்லீரலை மேலே தூக்கிப் பிடிக்கட்டும். ஈரமான மாப்பால் (அறுவைத் துணியால்) இரைப்பையின் கீழ்ப்பகுதியைப் பற்றி இடப்பக்கமாகவும் கீழாகவும் மெதுவாக இழுத்தால் பைலோரஸும் முன்சிறுகுடலும் வெளிப்படும். பைலோரஸின் முன்னால் குறுக்கே ஓடும் மேயோ சிரை, இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தைக் காட்டும். புண் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க இது மிக முக்கியம். ஏன் என்பது கீழே வரும். பித்தப்பையோ கல்லீரலோ ஒட்டியிருந்தால் விரலால் மெதுவாகப் பிரியுங்கள், துளை பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும்.

அங்கே இல்லையென்றால் சிறு வளைவு, இரைப்பையின் முன்சுவர் முழுவதும். அங்கும் இல்லையென்றால் இரைப்பைக்கும் குறுக்குப் பெருங்குடலுக்கும் இடையிலுள்ள இணைப்பைத் திறந்து, இரைப்பையின் பின்சுவரைப் பாருங்கள். இந்தப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு சிறுகுடலை அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரையும், பிறகு பெருங்குடலையும்.

துளை கிடைத்ததும் ஒரு கணம் கையை நிறுத்தி நான்கு விஷயங்களைப் பாருங்கள். விட்டம் என்ன? சுற்றியுள்ள சுவர் மென்மையாக இருக்கிறதா, தொட்டால் நொறுங்குகிறதா? இரைப்பையிலா, முன்சிறுகுடலிலா? வாயில் சுருங்கியிருக்கிறதா? அடுத்து என்ன செய்வது என்பது இந்த நான்கிலிருந்தே வரும்.

1 செ.மீ. வரையுள்ள முன்சிறுகுடல் துளையை அடைக்கும் முறை:

1. உருண்டை உடல் ஊசியில் 2-0 அல்லது 3-0 விக்ரில் நூல் எடுங்கள். வெட்டும் முனையுள்ள ஊசி இங்கே கூடாது. வீங்கிய சுவரைக் கிழிக்கும்.

2. துளையின் ஓரத்திலிருந்து சுமார் 1 செ.மீ. தள்ளி, ஆரோக்கியமான சுவரில் ஊசியை முழுத் தடிமனுக்கும் நுழைத்து, துளைக்குள்ளாக வெளியே எடுங்கள். ஊசியை மறுபடி பற்றி, எதிர் ஓரத்தில் உள்ளிருந்து வெளியே. ஒரே வீச்சில் இரு ஓரத்தையும் குத்தினால் எளிது என்று தோன்றும். ஆனால் பின்சுவரையும் சேர்த்துத் தைத்துவிடும் விபத்து அப்படித்தான் நடக்கிறது.

3. தையல்களைக் குடலின் நீளவாக்கில் போடுங்கள். அப்போது மூடும் கோடு குறுக்காக அமைந்து, உள்வழி குறுகாது.

4. பொதுவாக மூன்று தையல் போதும்: மேல் முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழ் முனையில் ஒன்று. எதையும் முடிச்சிடாமல் முனைகளைக் கிளிப்பில் பிடித்து வையுங்கள்.

5. இழுவிசையே இல்லாமல் வந்து படியும் வபைத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பகுதி அகலமாக, இரத்த ஓட்டத்தோடு இருக்க வேண்டும். கையை விட்டதும் அது பின்னால் நழுவினால் நீளம் போதவில்லை. குறுக்குப் பெருங்குடலிலிருந்து இன்னும் சற்றுப் பிரித்து எடுங்கள்.

6. வபையைத் துளையின் மேல், நூல்களுக்கு அடியில் படுக்க வைத்து, மேலிருந்து கீழாக முடிச்சிடுங்கள். வபை நகராமல் நிற்கும் அளவுக்கு இறுக்கம் போதும். வெளுத்தால் அதன் இரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டீர்கள் என்று பொருள். அந்த முடிச்சை வெட்டிவிட்டு மீண்டும் போடுங்கள்.

துளையை முதலில் மூடி முடிச்சிட்டு, அதே நூலின் நீண்ட முனைகளால் அதன் மேல் வபையைக் கட்டும் முறையும் உண்டு. ஓரங்கள் மென்மையாக, துளை சிறியதாக இருக்கும்போது அதுவும் நன்றாகவே நிற்கும். ஓரம் வீங்கி விறைத்திருக்கும்போது அதை இழுத்து மூட முயன்றால் நூல் அறுத்துக்கொண்டு வரும், 6 மி.மீ. ஓட்டை 12 மி.மீ. ஆகும். துளையை அடைப்பது வபைதான். நூலின் வேலை அதை அங்கே பிடித்து வைப்பது மட்டுமே. இது மனத்தில் பதிந்தவர் ஓரங்களை ஒன்றோடொன்று முட்ட வைக்க மல்லுக்கு நிற்கமாட்டார்.

துளையைத் தைத்து மூடி நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் அறுவை 1892இல் ஹொய்ஸ்னர் செய்தது. உடலோடு இணைந்த வபையை வைக்கும் முறையை 1929இல் செல்லன்-ஜோன்ஸ் வெளியிட்டார். தனியே வெட்டியெடுத்த வபைத் துண்டை வைக்கும் முறையை 1937இல் கிரஹாம் வெளியிட்டார். இன்று நாம் செய்வது பெரும்பாலும் செல்லன்-ஜோன்ஸ் வழி, ஆனால் அறுவைக் குறிப்பில் கிரஹாம் பெயரே ஏறுகிறது. பெயரை மட்டும் எழுதி விடாமல், துளையின் இடம், விட்டம், தையல் எண்ணிக்கை, வபை வைத்த விதம் ஆகியவற்றை எழுதுங்கள். ஐந்தாம் நாள் கசிவு வந்தால் அடுத்த மருத்துவருக்கு உதவப்போவது அந்த நான்கு வரிதான்.

முன்பு நடந்த அறுவையில் வபை போய்விட்டிருந்தால், கல்லீரலின் ஃபால்சிஃபார்ம் பட்டியை விடுவித்து அதே மாதிரி வைக்கலாம்.

கசிவுச் சோதனை: முன்சிறுகுடலைத் துளைக்கு அப்பால் விரல்களால் அழுத்திப் பிடித்து, பகுதியைச் சலைனில் மூழ்கடித்து, டியூப் வழியே காற்றை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள். குமிழி வரக் கூடாது. மெத்திலீன் நீலம் கலந்த சலைனும் பயன்படும். முடித்ததும் உள்ளே போன காற்றையும் நீரையும் உறிஞ்சி எடுக்க மறக்க வேண்டாம். டியூபின் நுனி இரைப்பைக்குள் சரியாக இருப்பதைக் கையால் தடவி உறுதி செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கழுவுவது, வடிகுழாய், வயிற்றை மூடுவது

கழுவுவதை அலுப்பான வேலையாக எண்ணி உதவியாளரிடம் விட்டுவிடுவது பெரும் பிழை. பிற்பாடு சீழ் கட்டும் இடங்கள் எல்லாம் தெரிந்த இடங்களே: உதரவிதானத்தின் அடியில் இரு பக்கமும், கல்லீரலின் அடியில், பெருங்குடலின் இரு ஓரக் கால்வாய்கள், இடுப்புக் குழி, குடல் சுருள்களின் இடையில். வெதுவெதுப்பான சலைன், 6 முதல் 10 லிட்டர் வரை, திரும்பும் நீர் தெளியும் வரை. குளிர்ந்த சலைன் உடல் வெப்பத்தை இறக்கி, இரத்தம் உறைவதைக் கெடுக்கும். ஊற்றிய நீர் முழுவதையும் உறிஞ்சி எடுங்கள். குடலின் மேல் படிந்த ஃபைப்ரின் படலங்களில் எளிதில் வருவதை மட்டும் எடுங்கள். பிடிவாதமாக உரித்தால் குடல் கிழியும்.

வடிகுழாய் கசிவைத் தடுக்காது. நம்பிக்கையான அடைப்புக்கு அது தேவையும் இல்லை. ஓரங்கள் மோசம், துளை பெரிது, தாமதமாக வந்தவர் என்றால் கல்லீரலின் அடியில் ஒன்று வைக்கலாம். தையலின் மேலேயே அதன் நுனி உரசக் கூடாது.

தசையுறையை நிதானமாக உருகும் பி.டி.எஸ். நூலால் தொடர் தையலாக மூடுங்கள். செலவான நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். அழுக்கு மிகுந்திருந்தால் தோலைத் திறந்தே விட்டு, சில நாள் கழித்து மூடலாம்.

லேப்ராஸ்கோப்பியில்

சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி அடைக்கும் இந்த முறையை 1990இல் மூரே முதலில் பதிவு செய்தார். நிலையாக உள்ள, சிறிய துளையுள்ள, துளை விழுந்து அதிக நேரம் ஆகாத நோயாளிக்கு இது நல்ல வழி. வலி குறைவு, காயத்தில் சீழ் குறைவு. அறுவை நேரம்தான் கூடும். உடலுக்குள் முடிச்சிடும் பழக்கம் கைக்கு வந்தவர் மட்டுமே தொடங்க வேண்டும்.

கால்களை விரித்து, தலைப்பக்கம் 15 முதல் 20 பாகை உயர்த்தி, வயிற்றறை அழுத்தம் 12 மி.மீ. பாதரசம். தொப்புளில் 10 மி.மீ. போர்ட் (கருவி நுழையும் குழாய்), 30 பாகைக் கேமரா. இரு பக்கமும் நடு காறை எலும்புக் கோட்டில் வேலைக்கான போர்ட்கள், கல்லீரலைத் தூக்க மார்பெலும்பின் கீழே 5 மி.மீ. ஒன்று. நூலை 15 செ.மீ.க்கு வெட்டிக்கொள்ளுங்கள், நீளமானால் சிக்கும், குறைந்தால் முடிச்சு விழாது. இங்கே தொட்டுப் பார்க்க முடியாததால், முடிச்சின் இறுக்கத்தைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். வபையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். தலை உயர்ந்திருப்பதால் அழுக்கு இடுப்புக் குழிக்கு இறங்கியிருக்கும். முடிக்கும் முன் மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி அங்கேயும் கழுவுங்கள்.

அழுத்தம் சரிகிறது, துளை கிடைக்கவில்லை, 2 செ.மீ.க்கு மேல், ஓரம் நொறுங்குகிறது: இவற்றில் எது வந்தாலும் திறந்துவிடுங்கள். மாறுவதில் தோல்வி எதுவும் இல்லை.

2 செ.மீ.க்கு மேல் போனால்

இங்கேதான் பழகிய கை ஏமாறுகிறது. முன்சிறுகுடலில் 2 செ.மீ.க்கு மேற்பட்ட துளையை வழக்கமான மூன்று தையலால் அடைத்தால், சில நாளில் அது திறந்துகொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். நோயாளியின் நிலையைப் பார்த்து வழி தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறைந்த நேரத்தில் முடியும் வழிகளில் ஒன்று வபைச் செருகல். ரைல்ஸ் டியூபின் நுனியைத் துளை வழியே வெளியே கொண்டுவந்து, வபையின் நுனியை அதோடு ஒரு தையலால் கட்டி, மேலிருந்து டியூபை மெதுவாக இழுக்கச் சொன்னால் 5, 6 செ.மீ. வபை உள்ளே போய்த் துளையை நிரப்பும். பிறகு துளையைச் சுற்றி ஆரோக்கியமான சுவரோடு வபையைப் பல தையல்களால் பிணைக்க வேண்டும். நடுச்சிறுகுடலின் ஒரு வளையத்தைக் கொண்டுவந்து அதன் வெளிச்சுவரால் துளையை மூடுவது இன்னொரு வழி. நிலையாக உள்ளவருக்கு, அனுபவமுள்ள கையில், இரைப்பையின் கீழ்ப்பகுதியை நீக்கி இணைப்பது நிரந்தரமான தீர்வு. இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தின் தயவில் இருப்பவருக்கு அது தாங்காது. அவருக்குத் துளைக்குள் ஒரு குழாயை வைத்து வெளியே எடுத்து, கசிவைக் கட்டுப்பட்ட பாதையில் வரச் செய்து, உயிரைக் காத்து வெளியே வருவதே அறிவு. இப்படிப்பட்ட எல்லோருக்கும் நடுச்சிறுகுடலில் உணவுக் குழாய் ஒன்றை அப்போதே வைத்துவிடுங்கள். மூன்று வாரம் வாய்வழி உணவு இல்லாமல் போனாலும் ஊட்டம் நிற்காது.

பித்தநாளம் திறக்கும் இடம் அருகில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆழமான தையல் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் மூத்தவரை அழைக்கும் நேரம் அதுவே.

இரைப்பையில் இருந்தால்

மேயோ சிரையின் இடப்பக்கம் இருக்கும் புண், புற்றுநோயாக இருக்கக்கூடும். முன்சிறுகுடல் புண்ணில் அந்தக் கவலை மிகக் குறைவு. ஆகவே இரைப்பைத் துளையை ஓரத்தோடு வெட்டியெடுத்து இரண்டு அடுக்காகத் தைப்பது சிறந்தது. முழுப் புண்ணும் பரிசோதனைக்குப் போய்விடும். வெட்ட முடியாத இடம் என்றால் ஓரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் துண்டு எடுத்துவிட்டு, வபை வைத்து அடையுங்கள். உணவுக்குழாய் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள சிறு வளைவுப் புண்களை வெட்டினால் குறுகல் வரும், இடது இரைப்பைத் தமனிக்கும் ஆபத்து. அங்கே துண்டு எடுத்து அடைப்பதோடு நிறுத்துங்கள்.

அறுவைக்குப் பின்

டியூபை ஒன்றிரண்டு நாளில், வரத்து குறைந்ததும் எடுத்துவிடலாம். குடல் அசைவு திரும்பி, வயிறு மென்மையாக இருந்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் நீராகாரம். பெரிய துளை அடைத்தவர்களுக்கு, வாய்வழி தொடங்கும் முன் சாயப் படம் எடுத்துக் கசிவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஆன்டிபயாடிக் 3 முதல் 5 நாள். சிரைகளில் இரத்தம் கட்டாமல் தடுக்க எனாக்சபேரின் 40 மி.கி. நாளுக்கு ஒருமுறை, சிறுநீரகம் சரியாக இருந்தால். முதல் நாளே எழுந்து உட்கார வையுங்கள். மேல் வயிற்றில் வெட்டு உள்ளவர் வலியால் ஆழமாக மூச்சு விடமாட்டார், நிமோனியா அங்கிருந்துதான் தொடங்கும்.

எது எப்போது தவறும் என்று தெரிந்திருந்தால் முன்கூட்டியே பிடிக்கலாம். முதல் வாரத்தில் நாடி காரணமின்றி 110க்கு மேல் நின்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், அடைப்பு கசிகிறது என்று எண்ணுங்கள். வடிகுழாயில் பித்தம் வரும் வரை காத்திருக்காதீர்கள், குழாய் அடைத்திருக்கலாம். சாயம் கொடுத்து சி.டி. எடுங்கள். வயிறு முழுவதும் அழற்சி என்றால் மீண்டும் திறக்க வேண்டும். கசிவு முழுவதும் குழாய் வழியே வந்து, நோயாளி நன்றாக இருந்தால், பட்டினி போடாமல் உணவுக் குழாய் வழியே ஊட்டிக் காத்திருக்கலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஏறி இறங்கும் காய்ச்சலும் விக்கலும் உதரவிதானத்தின் கீழ்ச் சீழைக் காட்டும். ஸ்கேன் வழிகாட்டலில் ஊசிக் குழாய் வைத்து வடிக்கலாம். காயத்தில் திடீரென்று இளஞ்சிவப்பு நீர் நனைத்தால் தசையுறைத் தையல் விட்டுவிட்டது. ஈரமான மாப்பால் மூடி அரங்குக்குக் கொண்டுபோங்கள். வாந்தி ஓயாமல் தொடர்ந்தால் பைலோரஸ் வாயிலில் வீக்கமோ குறுகலோ இருக்கும். பெரும்பாலும் டியூபும் பொறுமையும் போதும்.

மூல காரணத்தை விட்டுவிடாதீர்கள்

ஓட்டையை அடைத்ததால் அல்சர் நோய் தீர்ந்துவிடாது. 2000இல் ஹாங்காங்கிலிருந்து வெளியான ஆய்வில், அடைப்புக்குப் பின் கிருமியை ஒழித்தவர்களில் ஓராண்டில் 4.8 சதவீதம் பேருக்கே புண் திரும்பியது; அமிலத் தடுப்பு மட்டும் பெற்றவர்களில் 38.1 சதவீதம் பேருக்குத் திரும்பியது. டிஸ்சார்ஜ் சீட்டில் இது விடுபட்டுப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு குறைவான இடங்களில்: அமோக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி., ஓர் அமிலத் தடுப்பு மாத்திரை. மூன்றும் நாளுக்கு இருமுறை, 14 நாள். எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டினால் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலத் தடுப்பு சேர்ந்த நான்கு மருந்து முறை. பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கிருமி போய்விட்டதா என்பதை யூரியா மூச்சுச் சோதனையில் பார்க்க, ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அமிலத் தடுப்பு மாத்திரையை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

வலி மாத்திரையால் வந்தது என்றால் அதை நிறுத்திப் பாராசிட்டமாலுக்கு மாற்றுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரோடு பேசி, அமிலத் தடுப்போடு தொடரலாம். புகையை விடச் சொல்வதை ஒரு வரியில் முடிக்காமல், அதற்கான உதவிக்கும் அனுப்புங்கள்.

இரைப்பைத் துளை அடைத்த ஒவ்வொருவருக்கும் 6 முதல் 8 வாரத்தில் எண்டோஸ்கோப்பி கட்டாயம்: முதலில் எடுத்த துண்டு சாதாரணம் என்று வந்திருந்தாலும், புண் முழுமையாக ஆறியதைக் கண்ணால் பார்த்து, தழும்பிலிருந்து மீண்டும் துண்டு எடுக்க வேண்டும். கிருமியும் இல்லை, வலி மாத்திரையும் எடுக்கவில்லை, ஆனால் பல புண்கள் அல்லது வழக்கத்துக்கு மாறான இடத்தில் புண் என்றால், வெறும் வயிற்றில் காஸ்ட்ரின் அளவைச் சோதியுங்கள். காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி கணையத்திலோ முன்சிறுகுடலிலோ ஒளிந்திருக்கலாம்.